முகம் எரியுது, எதைத் தடவினாலும் இன்னும் எரியுது – என்ன கிரீம் போடலாம்?

தும்பி88 | மார்ச் 4, இரவு 10.12

சில வாரமா ரெண்டு கன்னமும் மூக்கோரமும் எரியுது. வெறும் தண்ணி பட்டாலே சுரீர்னு இருக்கு. முகம் கழுவி அஞ்சு நிமிஷத்துல தோல் இழுத்துப் பிடிக்குது. சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் ரெண்டு வேளை, காலையில வைட்டமின் சி சீரம், ராத்திரி ரெட்டினால், வாரம் ரெண்டு தடவை கிளைகாலிக் அமிலம். எரிச்சல் வந்ததுக்கு அப்புறம் கற்றாழை ஜெல்லும், ‘சென்சிட்டிவ் ஸ்கின்’னு போட்ட ஒரு டோனரும் சேர்த்தேன். அடங்கல. எந்த கிரீம் போட்டா அடங்கும்?

மருந்துக்கலவை | மார்ச் 4, இரவு 10.51

எந்த கிரீம் என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் ஆறு பொருள் இருக்கிறது. ஆறையும் இன்றிரவே நிறுத்துங்கள். கற்றாழை ஜெல்லையும் சேர்த்துத்தான். குழாயில் வரும் ஜெல்களில் பலவற்றில் ஆல்கஹாலும் வாசனையும் உண்டு. செடியிலிருந்து நேராக வெட்டித் தடவினால், தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலே சிலருக்கு அரிப்பு உண்டாக்கும்.

வெறும் தண்ணீர் ஏன் எரிகிறது? தோலின் மேலடுக்கு மிக மெல்லியது, மொத்தம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். இறந்த செல்கள் பதினைந்து இருபது அடுக்காகப் படுத்திருக்கும். அவற்றுக்கு நடுவில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்த கொழுப்பு இருக்கும். உள்ளே உள்ள நீரைப் பிடித்து வைப்பதும் வெளியில் இருப்பதை உள்ளே விடாததும் அந்தக் கொழுப்புதான். அமிலமும் ரெட்டினாலும் நுரைக்கும் ஃபேஸ்வாஷும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் அது குறைந்துபோகும். பிறகு எது பட்டாலும் நரம்பு முனைவரை போய்ச் சேர்கிறது. இந்த நிலையில் நல்ல கிரீமும் எரியத்தான் செய்யும். எரிகிறதே என்று அடுத்த கிரீம், அதுவும் எரிகிறதே என்று அதற்கடுத்தது. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இந்தச் சுழலில்தான்.

இன்று முதல் செய்ய வேண்டியது:

காலையில் வெறும் தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். இரவில் ஒரே ஒரு முறை, நுரை குறைந்த, வாசனை இல்லாத, சோப்பு அல்லாத கிளென்சர். பட்டாணி அளவை ஈரக் கையில் குழைத்து இருபது முப்பது வினாடி தடவிக் கழுவினால் போதும். தண்ணீர் வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் குறைவாக, கையில் பட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முழுதாகக் காயும் முன்னே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சுரைசர்.

அந்த மாய்ஸ்சுரைசரின் பொருள் பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும். கிளிசரின், பெட்ரோலேட்டம் அல்லது டைமெத்திகோன், செராமைடு இருந்தால் நல்லது. பாந்தெனால், அலன்டாயின் இருக்கலாம். வாசனை, மெந்தால், யூரியா, லாக்டிக் அமிலம், ‘எசென்ஷியல் ஆயில்’ எதுவும் இருக்கக் கூடாது. யூரியா வறண்ட குதிகாலுக்கு அருமையான பொருள், வெடித்த முகத்துக்கு நெருப்பு.

அதுவும் எரிந்தால் மூன்று நான்கு நாளைக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. அதில் தண்ணீர் கிடையாது, அதனால் கெடாமல் காக்கும் ரசாயனமும் தேவையில்லை. எரிவதற்கே அதில் அதிகம் இல்லை. ஒரு பட்டாணி அளவை விரலிடுக்கில் உருக்கி, ஈர முகத்தில் ஒற்றி ஒற்றி வைத்தால் முழு முகத்துக்கும் வரும். பளபளவென்று தடிமனாகப் பூச வேண்டாம்.

சவரம்_தினம் | மார்ச் 5, காலை 7.03

ஆறு பொருளா! முகத்தை வச்சிருக்கீங்களா, அடிப்பிடிச்ச பாத்திரத்தை வச்சிருக்கீங்களா சகோ?

தும்பி88 | மார்ச் 5, காலை 8.20

சிரிச்சா இழுக்குது, அதனால சிரிக்கல. பெட்ரோலியம் ஜெல்லி போட்டேன், எரியல. எத்தனை நாள்ல சரியாகும்?

மருந்துக்கலவை | மார்ச் 5, காலை 9.35

ஒரே ஒரு முறை ஏற்பட்ட சேதம் என்றால், இளவயதுத் தோல் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியளவு மீளும், மூன்று நாளில் ஏறக்குறைய முழுதாக. வயது ஏறினால் மெதுவாகும். ஆனால் வாரக்கணக்கில் தினமும் சேதம் செய்த முகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மேலடுக்கு முழுதும் மாறவே இரண்டு வாரம் ஆகும். எரிச்சல் முதல் வாரத்தில் குறையத் தொடங்கும், இறுக்கம் இரண்டாவது வாரத்தில். முன்பு தாங்கியதை மறுபடி தாங்க நான்கு வாரம் கொடுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஐந்தாம் ஆறாம் நாள். எரிச்சல் நின்றுவிடும், உடனே பழைய சீரம் வெளியே வரும். எரிச்சல் நிற்பதும் தோல் ஆறுவதும் ஒன்றல்ல.

ஒட்டுச்சோதனை | மார்ச் 5, மதியம் 1.44

மேலே சொன்ன எல்லாமே ‘உறுத்தல்’ வகை எரிச்சலுக்குச் சரி. ஆனால் ஒவ்வாமை என்ற இன்னொரு வகை இருக்கிறது. அதற்கு எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும், காரணமான பொருள் வேறு ஏதாவது வழியில் வந்துகொண்டிருந்தால் அடங்காது. அடையாளம் சொல்கிறேன்.

உறுத்தல்: தடவிய சில நிமிடத்தில் அல்லது சில மணி நேரத்தில் எரியும், குத்தும், இறுகும். தடவிய இடத்தோடு நிற்கும். அளவைக் குறைத்தால் குறையும்.

ஒவ்வாமை: தடவி ஒன்றிரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் கழித்து வரும். எரிச்சலைவிட அரிப்பு முந்தி நிற்கும். சிறு சிறு நீர்க்கொப்புளம், இமை வீக்கம் வரலாம். தடவாத இடத்துக்கும் பரவும். எவ்வளவு கொஞ்சமாகத் தொட்டாலும் திரும்ப வரும். வருடக்கணக்கில் பயன்படுத்திய பொருளுக்கும் வரும், ‘இதைப் பத்து வருஷமா போடுறேனே’ என்பது சாட்சியாகாது.

முகத்துக்கு வரும் ஒவ்வாமை முகத்தில் தடவியதால்தான் வர வேண்டும் என்றும் இல்லை. ஷாம்பு வழிந்து நெற்றியோரம், காதுக்கு முன்புறம், கழுத்துப் பக்கவாட்டில் வரும். தலைச்சாயம் தலையை விட்டுவிட்டு இமையையும் காதையும் பிடிக்கும். நகப்பூச்சு விரலை விட்டுவிட்டு, விரல் தொடும் இமையில் வரும். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, அதனால் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

குற்றவாளிப் பட்டியலில் வாசனைப் பொருள்கள்தான் முன்வரிசை. லினலூல், லிமோனீன் போன்றவை புதிதாக இருக்கும்போது சாது. பாட்டிலைத் திறந்து காற்றுப் பட்டுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் ஆனபின் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறும். அடுத்து, கெடாமல் காக்கும் மெத்தில்ஐசோதயசோலினோன். அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் 2013-ல் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல், கழுவாமல் விடும் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது. ஃபேஸ்வாஷ், ஷாம்பு, ஈரத் துடைப்பான் பட்டியல்களில் தேடுங்கள். ‘மென்மையான’ கிளென்சர்களில் நுரைக்காகச் சேர்க்கும் கோகாமிடோபுரொப்பைல் பீட்டெய்னும் 2004-ல் அந்தப் பட்டத்தை வாங்கியதுதான்.

மருந்துக்கலவை | மார்ச் 5, மாலை 6.10

லேபிள் பற்றி ஒரு துணைக்குறிப்பு. ‘மணமற்றது’ (அன்சென்டட்) என்று போட்ட பொருளில், மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்கும் அளவுக்கு வாசனை சேர்த்திருக்கலாம். ‘வாசனை சேர்க்காதது’ (ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ) என்று இருப்பதை எடுங்கள், அப்போதும் பட்டியலைப் படித்துவிட்டு எடுங்கள். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’, ‘தோல் மருத்துவர் சோதித்தது’, ‘சென்சிட்டிவ்’ மூன்றும் விளம்பரம். ‘இயற்கையானது’ என்பதற்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. தேயிலைமர எண்ணெய் முழுக்க இயற்கைதான், ஒவ்வாமைக்குப் பேர்போனதும் அதுதான்.

தும்பி88 | மார்ச் 5, இரவு 9.58

உப்புத் தண்ணி ஒத்தடம் நல்லதுன்னு ஒரு இடத்துல படிச்சேன். ஒரு கப் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் உப்புன்னு போட்டிருந்தாங்க. செய்யலாமா?

மருந்துக்கலவை | மார்ச் 5, இரவு 10.30

செய்யலாம், அந்த அளவில் வேண்டாம். அது தேவையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தோலுக்கு ஒத்துப்போகும் உப்புநீர் 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூளுப்பு ஏறக்குறைய 6 கிராம் வரும், அதை 650 மி.லி. கொதித்து ஆறிய நீரில் கரைத்தால் கணக்கு சரி. வெறும் குளிர்ந்த நீரிலும் ஒத்தடம் கொடுக்கலாம். தண்ணீரே எரிபவர்களுக்கு உப்புநீர் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, முகத்தில் விரியுங்கள். அழுத்த வேண்டாம். இரண்டு நிமிடத்தில் துணி உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், மறுபடி நனைத்துப் போடுங்கள். மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை. எடுத்த உடனே மாய்ஸ்சுரைசரோ ஜெல்லியோ போட வேண்டும். ஒத்தடம் சூட்டை இறக்குவதே நீர் ஆவியாவதால்தான், அப்படியே விட்டால் தோலின் நீரும் சேர்ந்து போய் முன்பைவிட இறுகும்.

பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள். வைக்கும்போது மரத்துப்போய் சுகமாக இருக்கும், எடுத்ததும் ரத்தக் குழாய் விரிந்து முன்பைவிடச் சிவக்கும். ஆவி பிடிப்பதும் இந்த நேரத்தில் கூடாது.

நீர் வடியும், கசியும் இடத்துக்கு ஒத்தடம் நல்லது. உரிந்து வறண்ட இடத்துக்கு ஜெல்லிதான் முக்கியம், ஒத்தடம் இரண்டாம் பட்சம். காலமைனும் அப்படித்தான். கசியும் இடத்தைக் காய வைக்கும், ஏற்கெனவே காய்ந்த கன்னத்தில் போட்டால் மாவு பூசினதுபோல் வெடித்து இன்னும் இழுக்கும்.

ஒட்டுச்சோதனை | மார்ச் 6, காலை 11.15

அரிப்பு தாங்காதவர்களுக்குக் கொலாய்டல் ஓட்ஸ் பற்றியும் சொல்லியிருக்கலாம். ஓட்ஸை மிக நுண்ணிய தூளாக்கியது, தண்ணீரில் பால்போல் கலந்து நிற்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003 முதல் தோல் காப்புப் பொருளாக ஏற்றிருக்கிறது. அதிலுள்ள அவெனாந்த்ரமைடுகள் அரிப்பைக் குறைக்கும். வாசனை இல்லாத கிரீமாகக் கிடைத்தால் நல்லது. சமையல் ஓட்ஸை அரைத்துப் பூசித் தேய்த்தால் அது ஸ்கிரப் ஆகிவிடும்.

மருந்துக்கலவை | மார்ச் 6, காலை 11.40

தேய்க்காமல் இருந்தால் சரி.

கோடை_நிழல் | மார்ச் 7, மாலை 4.26

நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) தோலை ஆற்றும் என்கிறார்கள், எனக்கு அதுதான் சிவக்க வைக்கிறது. யார் சொல்வது சரி?

மருந்துக்கலவை | மார்ச் 7, மாலை 5.02

இரண்டும். 2 முதல் 5 சதவீதம்வரை செராமைடு உற்பத்தியைத் தூண்டும், பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். இப்போது 10 சதவீத சீரம் புழங்குகிறது, அதில் எரிச்சலும் சூடாகச் சிவப்பதும் வரும். நியாசினமைடோடு கலப்படமாக நிகோட்டினிக் அமிலம் சிறிதளவு இருந்தாலே முகம் சிவக்கும். எரியும் காலத்தில் தனியாக நியாசினமைடு சீரம் தேவையே இல்லை, மாய்ஸ்சுரைசரில் கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்று. சிலருக்குத் தோலில் எந்தச் சேதமும் இல்லாமலே குத்தல் மட்டும் வரும். மூக்கோர மடிப்பில் 10 சதவீத லாக்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் ஒரு பழைய சோதனையே உண்டு. சிலர் துள்ளுவார்கள், சிலருக்கு ஒன்றுமே தெரியாது, இரண்டு பேர் தோலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஒரு பொருள் குத்தினால் அது தோலைக் கெடுக்கிறது என்று எப்போதும் சொல்ல முடியாது. முப்பது வினாடிக்குள் அடங்கி, பின் சிவப்போ உரிதலோ இல்லையென்றால் விட்டுவிடலாம். பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் கழுவிவிடுங்கள்.

தும்பி88 | மார்ச் 9, இரவு 8.47

கன்னம் நல்லா அடங்கிடுச்சு. ஆனா வாயைச் சுத்தி சின்னச் சின்னப் பொரி மாதிரி வந்திருக்கு. உதட்டை ஒட்டி மட்டும் ஒரு கோடு மாதிரி சுத்தமா இருக்கு. ஜெல்லி போடுறதால பருவா?

ஒட்டுச்சோதனை | மார்ச் 9, இரவு 9.30

உதட்டோரம் ஒரு மெல்லிய வளையம் விட்டுவிட்டு அதற்கு வெளியே பொரிப்பொரியாக வந்தால், பருவுக்கு முன் வாய்ச்சுற்று அழற்சியை யோசிக்க வேண்டும். பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி கலந்திருக்கும், இதில் இருக்காது. முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் போடுவது இதற்கு முதல் காரணம். ஆஸ்துமா, மூக்கடைப்பு ஸ்பிரேயில் உள்ள ஸ்டீராய்டு, கனமான கிரீம், சிலருக்கு ஃபுளூரைடு பற்பசையும்கூடத் தூண்டும்.

இங்கே மேலே சொன்ன ஜெல்லி அறிவுரைக்கு ஒரு விலக்கு போட வேண்டும். வாயைச் சுற்றியும் மூக்கடியிலும் மூடிவைக்கும் எதுவும் வேண்டாம். கன்னத்தில் மட்டும் தொடருங்கள். வாய்ப்பக்கம் வெறும் தண்ணீர், வேறு எதுவும் இல்லை. முதல் சில நாள் மோசமாகத் தெரியும், பிறகு வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். இறங்கவில்லை என்றால் தோல் மருத்துவர் மெட்ரோனிடசோல் பூச்சோ வாய்வழி டெட்ராசைக்ளின் வகையோ கொடுப்பார்.

ஒரு நேரடிக் கேள்வி: இந்த ஆறு பொருளுக்கு நடுவில், நிறம் வெளுக்க என்றோ கரும்புள்ளிக்கு என்றோ ஏதாவது கிரீம் போட்டீர்களா?

தும்பி88 | மார்ச் 9, இரவு 10.05

கன்னத்துக் கரும்திட்டுக்குன்னு ஒரு டியூப், கொஞ்ச நாள் போட்டேன். பெயர் சொல்லலாமா தெரியல. பின்னாடி ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்னு இருக்கு. அது நல்லா வேலை செஞ்சதே. போட்ட ஒரு வாரத்துல முகம் பளிச்சுன்னு ஆச்சு.

ஒட்டுச்சோதனை | மார்ச் 10, காலை 10.20

பெயர் வேண்டாம், அந்த மூன்று சொல்லே போதும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இந்த இழையைப் படிக்கும் பாதிப் பேருக்கு இதுதான் விஷயமாக இருக்கும்.

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்க்கும் யோசனை 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் இருவரும் வெளியிட்ட கலவையிலிருந்து வந்தது. அதில் ஹைட்ரோகுவினோன் 5, ட்ரெட்டினாயின் 0.1, டெக்ஸாமெத்தசோன் 0.1 சதவீதம். மங்குத் திட்டுக்கு மருத்துவர் கண்காணிப்பில், இரவில் மட்டும், சில வாரத்துக்கு மட்டும் போட வேண்டிய மருந்து. பகல் கிரீம்போல் மாதக்கணக்கில் போடும்போதுதான் வினை.

ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும். அதனால்தான் ஒரு வாரத்தில் பளிச். உள்ளே தோல் மெலியும், நுண்ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும், கன்னத்தில் பூனைமுடி அதிகமாகும், பருபோலப் பொரியும். நிறுத்தினால் சில நாளில் இருந்து இரண்டு வாரத்துக்குள் எரிச்சலும் சிவப்பும் வீக்கமும் திரும்பி அடிக்கும். உடனே மறுபடி அதே டியூப், மறுபடி பளிச். வருபவர் ‘என் தோல் சென்சிட்டிவ்’ என்றுதான் சொல்வார்.

டியூபின் பின்புறம் பார்க்க வேண்டிய பெயர்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன், டெக்ஸாமெத்தசோன். பூஞ்சைக்கு என்று விற்கும் கலவைக் கிரீமிலும் இருக்கும். பொருள் பட்டியலே இல்லாத ‘வெளுப்பு’ கிரீம் என்றால் சந்தேகமே வேண்டாம், தொடாதீர்கள்.

மாதக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் டியூபையே எடுத்துப் போங்கள். வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் பூச்சு கொடுப்பார். இந்த இரண்டும் முதல் சில நாள் சூடாக எரியும், அது எதிர்பார்த்ததுதான், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

சவரம்_தினம் | மார்ச் 10, மதியம் 12.08

அப்ப 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன்கூட முகத்துக்கு ஆகாதா?

ஒட்டுச்சோதனை | மார்ச் 10, மதியம் 12.31

அது வீரியம் மிகக் குறைந்தது. ஒவ்வாமை வீக்கத்துக்கு மெல்லிசாக மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும், ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். இமையில் சொந்த முடிவில் கூடாது. வாய்ச்சுற்று அழற்சிக்கும் ரோசேசியாவுக்கும் கூடவே கூடாது. எந்த வியாதி என்று தெரியாமல் போட்டால் அடையாளமும் கலைந்துபோகும்.

மருந்துக்கலவை | மார்ச் 10, மாலை 7.15

ரோசேசியா என்ற சொல் வந்ததால்: இரண்டு மூன்று வாரம் எல்லாம் நிறுத்தியும் அடங்காத முகத்துக்குப் பெரும்பாலும் வேறு பெயர் இருக்கும்.

கன்னமும் மூக்கும் வெயில், சூடான பானம், மது, கோபம் எல்லாவற்றுக்கும் குப்பென்று சூடாகி, பொரியும் வந்தால் ரோசேசியா. அதற்கு மெட்ரோனிடசோல் 0.75, அசலாயிக் அமிலம் 15, ஐவர்மெக்டின் 1 சதவீதம் என்று மருந்து உண்டு. புருவம், மூக்கோர மடிப்பு, காதுக்குப் பின்னால் பிசுக்கான செதிலோடு பொடுகும் சேர்ந்திருந்தால் செபோரிக் அழற்சி, அதற்குக் கீட்டோகோனசோல் 2 சதவீதம். இதில் ஒரு கண்ணி: இந்த அழற்சியைத் தூண்டும் மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பு அமிலத்தைத் தின்று வாழும். ஆலிவ் எண்ணெய் மாதிரித் தாவர எண்ணெய் தடவினால் அதற்கு விருந்து. ஆலிவ் எண்ணெயில் உள்ள ஒலியிக் அமிலம் மேலடுக்கையே வேறு குலைக்கும். பெட்ரோலியம் ஜெல்லியும் மினரல் ஆயிலும் அதற்கு உணவாகாது.

கன்னத்திலும் மூக்கின் மேலும் வந்து மூக்கோர மடிப்பை மட்டும் விட்டுவைத்து, வெயிலில் கூடி, மூட்டுவலியும் இருந்தால் லூபஸுக்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கோடை_நிழல் | மார்ச் 11, காலை 9.50

இணையத்தில் இருக்கும் படமெல்லாம் வெள்ளைத் தோல். மாநிறத்திலும் கறுப்பிலும் ‘சிவப்பு’ எப்படித் தெரியும்?

ஒட்டுச்சோதனை | மார்ச் 11, காலை 10.36

சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு, சில சமயம் சாம்பல் பூத்ததுபோல. கண்ணைவிடக் கை நம்பகம்: புறங்கையை முதலில் நெற்றியிலும் பிறகு கன்னத்திலும் வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். புருவத்துக்கு மேலுள்ள தோலோடு கன்னத்தை ஒப்பிட்டால் கொஞ்சம் வீங்கியிருப்பதும் தெரியும். ரோசேசியா இந்த நிறங்களில் பல வருடம் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அடர்நிறத் தோலில் இன்னொரு செலவும் உண்டு. எரிச்சல் ஒரு வாரத்தில் போகும், அது விட்டுச்செல்லும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் கருமையைப் போக்க அமிலம் போட்டால் மறுபடி எரிச்சல், மறுபடி கருமை. எரிச்சல் முழுதாக அடங்கும்வரை கரும்திட்டை மறந்துவிடுங்கள்.

தும்பி88 | மார்ச் 12, இரவு 9.14

டியூபோட மருத்துவரைப் பார்த்தாச்சு, ஸ்டீராய்டு எரிச்சலும் கலந்திருக்குன்னு சொல்லி மருந்து கொடுத்திருக்காங்க. சன்ஸ்கிரீன் கட்டாயம்னாங்க. ஆனா எந்த சன்ஸ்கிரீன் போட்டாலும் கண்ணோரம் எரியுதே?

மருந்துக்கலவை | மார்ச் 12, இரவு 10.02

ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு மட்டும் வடிகட்டியாக (வெயிலைத் தடுக்கும் பொருளாக) இருப்பது, வாசனையும் ஆல்கஹாலும் இல்லாதது, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாதது. லேசாக இருக்கிறது, உடனே காய்கிறது என்று பிடிக்கும் சன்ஸ்கிரீன்களில் பல ஆல்கஹாலால் அப்படி இருப்பவை, எரிவதும் அதனால்தான். கண்ணோரம் எரிவது பெரும்பாலும் வியர்வையோடு வடிகட்டி கண்ணுக்குள் இறங்குவதால். புருவத்துக்கு மேலும் கண்ணுக்கு அடியிலும் கிரீமுக்குப் பதில் குச்சி வடிவில் வருவதைப் போட்டால் இறங்காது. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமூட்டிய வகை, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கரும்திட்டு உள்ளவர்களுக்கு அதுதான் கூடுதல் பலன்.

அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகமும் கழுத்தும். இரண்டு முறையாகப் பிரித்து, தேய்க்காமல் ஒற்றிப் பரப்புங்கள். எதுவுமே தாங்கவில்லை என்றால் முதல் வாரம் அகல விளிம்புத் தொப்பியும் நிழலும் போதும்.

இரவில் சன்ஸ்கிரீனை எடுக்க ஈரத் துடைப்பான் வேண்டாம். கொஞ்சம் மினரல் ஆயிலைக் காய்ந்த முகத்தில் தடவிக் கரைத்து, பிறகு அதே கிளென்சர்.

சவரம்_தினம் | மார்ச் 13, காலை 6.48

முகம்னா பெண்கள் முகம் மட்டும்தானா? தினமும் கத்தி வைக்கிறவங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

மருந்துக்கலவை | மார்ச் 13, காலை 8.30

எரியும் நாட்களில் கத்தி வேண்டாம், டிரிம்மரில் 1 மி.மீ. விட்டு வெட்டுங்கள். அடங்கியபின்: குளித்து முடித்ததும், முடி ஊறியிருக்கும்போது. மெந்தால் இல்லாத கிரீமைப் பூசி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். முடி வளரும் திசையில், ஒரே இழுப்பு, ஒரே சுற்று. தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையில் வழித்தால் வழவழப்பாக வரும், வெட்டுண்ட முனை தோலுக்கு அடியில் போய் மறுநாள் கட்டியாக எழும். ஐந்து முதல் ஏழு சவரத்துக்கு ஒரு பிளேடு. ஆஃப்டர் ஷேவும் படிகாரமும் வேண்டாம், அந்தச் சுரீர் சுத்தமானதற்கு அடையாளம் அல்ல.

சவரம்_தினம் | மார்ச் 13, காலை 8.41

படிகாரத்தையும் பிடுங்கிட்டீங்க. சரி.

ஒட்டுச்சோதனை | மார்ச் 15, மாலை 3.20

புதிதாக எதை வாங்கினாலும் முகத்தில் போடும் முன் செய்ய வேண்டிய சோதனை. முழங்கை மடிப்பின் உள்பக்கம், ஏறக்குறைய 3 செ.மீ. சதுரத்தில், காலை மாலை இரண்டு வேளை, ஏழு நாள். சந்தேகம் இருந்தால் பதினான்கு நாள். இரண்டே நாளில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு செய்யாதீர்கள், ஒவ்வாமை வெளிவர நேரம் எடுக்கும். கழுவிவிடும் பொருள்களை, அதாவது ஃபேஸ்வாஷ், ஷாம்புவை, இப்படித் தடவி விடக் கூடாது. நுரைக்கும் எதுவும் தோலில் நின்றால் யாருக்கும் சிவக்கும், சோதனை பொய்யாகும்.

மருத்துவமனையில் செய்யும் ஒட்டுச் சோதனை வேறு. முதுகில் சின்னக் கிண்ணங்களில் பொருளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து ஒரு முறை பார்ப்பார்கள், 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி. அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. இதற்கு அலர்ஜி மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை, ஊசிக்குத்துச் சோதனைக்குத்தான் நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையோ முதுகில் ஸ்டீராய்டு பூச்சோ இருந்தால் முன்பே சொல்லுங்கள், முடிவை மறைத்துவிடும். போகும்போது வீட்டில் முகத்துக்கும் தலைக்கும் போடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது பாதி வேலையை முடிக்கும்.

கோடை_நிழல் | மார்ச் 16, இரவு 7.40

எப்போது இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓட வேண்டும்?

ஒட்டுச்சோதனை | மார்ச் 16, இரவு 7.52

உதடு, நாக்கு வீக்கம் அல்லது மூச்சுத்திணறல்: உடனே அவசரப் பிரிவு. காய்ச்சலோடு ஒரு பக்கக் கன்னம் சூடாகச் சிவந்து மணிக்கு மணி பரவினால், அதே நாள். நெற்றி, கண், மூக்கு நுனியில் ஒரே பக்கமாகக் கொத்துக் கொத்தாகக் கொப்புளமும் வலியும் வந்தால் அக்கி கண்ணைத் தொடலாம், அதே நாள். தேன் நிறப் பொருக்கு படிந்தால் கிருமித் தொற்று, ஓரிரு நாளில் காட்டுங்கள்.

தும்பி88 | ஏப்ரல் 8, இரவு 9.05

எரிச்சல் இல்லை. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகல. வாய்ச்சுத்துப் பொரியும் இறங்கிடுச்சு. மருத்துவர் ரெட்டினால் திரும்ப ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க. பழைய மாதிரியே போடலாமா?

மருந்துக்கலவை | ஏப்ரல் 8, இரவு 10.17

பழைய மாதிரி வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பொருள், அடுத்ததற்கு இரண்டு வாரம் இடைவெளி. இல்லாவிட்டால் எது எரித்தது என்று மறுபடி தெரியாது.

ரெட்டினால்: வாரம் இரண்டு இரவு, நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டு. முகம் கழுவி இருபது நிமிடம் காயட்டும், ஈரத் தோலில் வேகமாக இறங்கும். மூக்கோரம், வாயோரம், கண்ணோரம் மூன்றிலும் முதலில் மெல்லிசாக ஜெல்லி தடவி மறைத்துவிடுங்கள், இது தடுப்புக்கு மட்டும் என்பதால் வாயோரத்தில் ஒரு சிறு கீற்று போதும். முகம் முழுக்க மாய்ஸ்சுரைசர், அதன் மேல் முகம் மொத்தத்துக்கும் ஒரே ஒரு பட்டாணி அளவு ரெட்டினால். மேலே ஜெல்லி பூசி மூடாதீர்கள், மூடினால் உள்ளே போவது கூடும். இரண்டு வாரம் தாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு இரவு. லேசாக உரிவது பரவாயில்லை, எரிந்தால் ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாரம் ஒன்றிலிருந்து.

சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் வேண்டாம், அந்த மென்மையான கிளென்சரே தொடரட்டும். பருவுக்கு வேண்டுமென்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம், வந்த இடத்தில் மட்டும். 5, 10 சதவீதத்தைவிட அது குறைவாக வேலை செய்வதில்லை, எரிச்சல்தான் குறைவு. வைட்டமின் சி: அஸ்கார்பிக் அமிலம் வேலை செய்ய பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், உங்கள் முகத்துக்கு இந்த வருடம் அது தேவையில்லை. கிளைகாலிக் அமிலத்தைக் குதிகாலுக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

தும்பி88 | ஏப்ரல் 8, இரவு 10.29

டோனர்?

மருந்துக்கலவை | ஏப்ரல் 8, இரவு 10.31

எதற்கு?